யாரோ கொடுத்த ரத்தம்

அத்தியாயம் 17

சின்னவள் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போதுதான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலே வரி.

இந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள். இளையவள் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவள், நான்கு மாதக் கர்ப்பிணி. வீட்டில் அவர்களுக்குப் பெரியவள், சின்னவள் என்றே பெயர். பெரியவளின் ஐந்து வயது மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது, ஆனால் தீர்க்கதரிசி. அந்த வாலுவுக்குத்தான் சின்னம்மை போட்டிருந்தது.

பிள்ளைகளுக்கு அது வந்தால் ஒரு வாரம் சொறிந்துகொண்டு கிடந்துவிட்டு எழுந்து ஓடிவிடும். கர்ப்பிணிக்கு வந்தால் தாயின் நுரையீரலைப் பிடிக்கலாம். வயிற்றில் இருப்பதன் கண்ணையும் கை கால்களையும் பாதிக்கலாம். "எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லம்மா" என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் ஆறுதல் அடைந்த தாயை நான் இதுவரை பார்த்ததில்லை.

சின்ன வயதில் ஒருமுறை வந்து போயிருந்தால் கவலையில்லை. ஆனால் சின்னவள் விடுதியில் வளர்ந்தவள். உனக்கு இன்ன வயதில் பல் விழுந்தது, இன்ன வயதில் அம்மை போட்டது என்று எடுத்துச் சொல்ல அவளுக்கு ஆள் கிடையாது. அதனால்தான் அவள் ரத்தத்தை எடுத்து, சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்க லேபுக்குக் கொண்டுபோனாள் பெரியவள். இந்தச் சோதனையை அங்கே தினமும் செய்வதில்லை. போதுமான சாம்பிள் சேர்ந்த பிறகுதான் மெஷினில் வைப்பார்கள்.

"சீட்டு நிறையாம எந்த வேன்காரன்டி வண்டி எடுப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்று காலைதான் வண்டி எடுத்தார்கள்.

மதியம் பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினாள்.

"அடியே, கதவத் திற! இருக்குடி உனக்கு! எதிர்ப்பு சக்தி இருக்கு!"

கதவு திறந்தது. சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"நெஜமாவா அக்கா?"

"நானே மெஷின்ல வச்சு நானே எடுத்தேன். உனக்கு எப்பவோ வந்து போயிருக்கு. போதாததுக்கு, போன தடவை பார்த்தப்ப சோகை பிடிச்சுக் கிடந்தியே, இப்ப ரத்தமும் ஏறியிருக்கு. மாத்திரைய ஒழுங்கா முழுங்கற போல. கெட்டிக்காரி!"

சின்னவள் ஓவென்று அழுதாள். பயத்தை அடக்கி வைத்திருந்தவர்கள் அப்படித்தான் அழுவார்கள், நல்ல சேதிக்கும்கூட. பெரியவள் அவளைக் கட்டிக்கொண்டு கீழே அழைத்து வந்தாள்.

கீழே மாமனார் உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிகிற கட்டடத்துக்குள் நுழைந்து ஆளைத் தூக்கி வந்த மனிதர், வீட்டில் யாராவது தும்மினால் நாற்காலியைப் பின்னால் நகர்த்துவார். பேத்திக்கு அம்மை போட்டதிலிருந்து வாயில் கட்டிய துணியைச் சாப்பிடும்போது மட்டும்தான் அவிழ்த்தார்.

"மாமா, இனிமே கவலையில்ல. சின்னவளுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கு" என்றாள் பெரியவள்.

"சித்தி!" என்று ஒரு கூச்சல். வாலு வந்து சின்னவள் மடியில் விழுந்தாள். கொப்புளங்கள் பெரும்பாலும் காய்ந்திருந்தன. கழுத்துப் பக்கம் ஒன்றிரண்டு மட்டும் இன்னும் ஈரமாக இருந்தன.

"ஏன் சித்தி எங்கூடப் பேசவே இல்ல? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா தங்கம்." சின்னவள் அவளை வாரி அணைத்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். இத்தனை நாளாகக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் அல்லவா.

மாமனார் மட்டும் துணியை அவிழ்க்கவில்லை.

"ஏம்மா, இந்த டெஸ்ட்டு தப்பாவே ஆகாதா?"

"மாமா, உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!"

"சந்தேகப்பட்டதாலதான் இத்தனை வருஷம் தீயில வேகாம இருக்கேன். சொல்லேன்."

பெரியவள் தட்டில் சாப்பாட்டைப் போட்டபடியே பதில் சொன்னாள். "தப்பாகும். வேற யாரோட ரத்தமாவது சமீபத்துல ஏத்தியிருந்தா தப்பாகும். குடுத்தவங்களுக்கு அம்மை வந்திருந்தா அவங்க எதிர்ப்பு சக்தி இவ ஒடம்புல கொஞ்ச நாள் ஓடிக்கிட்டிருக்கும். மெஷினுக்கு யாருதுன்னு தெரியுமா? இருக்குன்னுதான் காட்டும். ஆனா அது தங்காது மாமா, வந்த மாதிரியே கரைஞ்சு போயிடும். அதுக்குத்தான் இவகிட்ட அன்னிக்கே கேட்டேனே, ரத்தம் ஏத்தினியான்னு. இல்லன்னுட்டா. அப்புறம் என்ன?"

சின்னவளின் கைகள் பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டன.

"சித்தி, ஏன் நிறுத்திட்ட? தடவு."

அவள் தடவினாள். எதைத் தடவுகிறோம் என்றே தெரியவில்லை.

ஏனென்றால், போன மாதம் அவளுக்கு ரத்தம் ஏற்றியிருந்தது. ஒன்றல்ல, இரண்டு பாட்டில்.

இரும்பு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கினால் குமட்டும், குமட்டினால் வாந்தி. வாந்தி வந்தால் கிரேன் கூண்டில் உட்கார முடியாது. அதனால் மாத்திரைகளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து கூண்டிலிருந்து ஏணி வழியாக இறங்கி, தரையில் கால் வைத்தவுடன் கண் இருட்டி விழுந்தாள். கீழே நின்று கை காட்டிச் சைகை கொடுக்கும் பெண்தான் ஆட்டோவில் போட்டுப் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று அன்றே ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்குத் தாமதமாக வந்தவள், 'ஓவர்டைம்' என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததுமே கிரேனை விட்டு இறங்கு என்றார் மாமனார். கப்பலில் எஞ்சின் பார்க்கிற அவள் புருஷன்தான் பரிந்து பேசினான். அஞ்சாம் மாசம் வரைக்கும் ஓட்டட்டும்ப்பா என்றான். கடைசியில் மாமனார் ஒரு நிபந்தனை போட்டார். "ஒடம்புக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அன்னிக்கே இறங்கிடணும். மறைக்கக் கூடாது." சரி மாமா என்று தலையாட்டியவள் இவள்தான். அந்தக் கூண்டுக்காக அவள் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றாள் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். விடுதிப் பிள்ளைக்கு, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் முதலில் கிடைத்தது அந்த நாற்காலிதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெரியவள் மேலும் கோபம்தான். லேபில் அவள் முன்பின் தெரியாத பெண்களிடம் எப்படிக் கேட்பாள் தெரியுமா? திரையை இழுத்து மூடி, கூட வந்தவர்களை வெளியே அனுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பாள். கூட வந்தவர்கள் எதிரில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்கு வேலையில் சேர்ந்த புதிதிலேயே தெரியும். சொந்த ஓரகத்தி என்று வந்தபோது மட்டும் சாப்பாட்டு மேஜையில், மாமனார் எதிரிலேயே, கையில் ஊசியோடு, "ரத்தம் கித்தம் ஏத்தினியாடி சமீபத்துல?" என்று போகிறபோக்கில் கேட்டாள். நம்ம வீட்டுப் பெண்தானே, இவளிடம் என்ன திரை என்ற உரிமை. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். இவள் "ச்சே, இல்லக்கா" என்று சிரித்தாள். வீட்டுப் பெண்ணாக இருந்ததுதான் வினை.

"சித்தி, உன் கை ஏன் ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டது வாலு.

சின்னவள் பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டாள். கைகழுவும் தொட்டிக்குப் போய் முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கன்னம், உதடு, கழுத்து, கைகள். தேய்த்தால் போய்விடுகிற விஷயமா இது? தெரிந்துகொண்டேதான் தேய்த்தாள்.

ஒருவேளை அந்த எதிர்ப்பு சக்தி என்னுடையதாகவே இருக்கலாமே என்று மனம் வாதாடியது. விடுதியில் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. எனக்கும் வந்திருக்கும், மறந்திருப்பேன். சொன்னால் மாமா முகத்தில் எப்படி விழிப்பது? கப்பலில் இருக்கிறவர் என்ன நினைப்பார்? சொல்லாவிட்டால்...

சொல்லாவிட்டால் என்ன என்பதை நினைத்ததும் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்த வாரம்தான் முதல்முதலாக உள்ளே ஏதோ மெல்லப் புரண்டது போல அவளுக்குத் தோன்றியிருந்தது. அதற்குக் கண் இருக்கும் இந்நேரம். கை இருக்கும், கால் இருக்கும்.

அடுப்படியில் பெரியவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா. திட்டாத. நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"ரத்தம் ஏத்தினாங்க அக்கா. போன மாசம். ரெண்டு பாட்டில்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவள் அதை மூட மறந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடச் சின்னவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெரியவளின் முகம் வெளுத்துவிட்டது.

"போன மாசமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சம்பளம் வந்த மறுநாள் அக்கா."

"அய்யய்யோ." பெரியவள் ஈரக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "மெஷின் காட்டின எண் கொஞ்சம் கம்மியாத்தான்டி இருந்துச்சு. இருக்குன்னு சொல்லலாம், அவ்வளவுதான், பலமா இல்ல. ரொம்ப வருஷம் ஆனா அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். பிள்ளைய வேற உன் மடியில உக்கார வச்சேனே, பாவி!"

"அக்கா, என் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?"

"வாயக் கழுவு. பொடவைய மாத்து, கிளம்பு."

"எங்க?"

"முதல் செக்கப்புக்கு வந்தப்ப உன்கிட்ட ரத்தம் எடுத்தோம்ல? கர்ப்பிணிங்களோட முதல் ரத்தத்தை நாங்க தூக்கிப் போடறதில்ல. மிச்சத்தை ஃப்ரீசர்ல வச்சிருப்போம். அது இந்த ரெண்டு பாட்டிலுக்கு முன்னாடி எடுத்தது. அதுல இருக்கறது உன்னுது மட்டும்தான். அதைப் பார்த்தா தெரிஞ்சுடும்."

மாமனாரிடம், ஸ்கேன் தேதி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். "இப்பவா? வேகாத வெயில்ல?" என்று அவர் கேட்பதற்குள் இருவரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

லேப் மேலதிகாரியிடம் பெரியவள் என்ன பேசினாள், எப்படிக் கெஞ்சினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. தனக்கென்று எதுவும் கேட்காதவள் அன்று கேட்டாள், கிடைத்தது. ஃப்ரீசரில் வரிசை வரிசையாக இருந்த சின்னக் குழாய்களில் இவளுடையதைத் தேடி எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த எண்ணை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்தாள். உள்ளங்கையில் வைத்து உருகவிட்டாள்.

சின்னவள் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெண் பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க இவளுக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. தொண்டை கரகரத்தது. அம்மை வருவதற்கு முன் இப்படித்தான் கரகரக்குமா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடுகிறதா, கை சில்லிட்டதால் அப்படித் தெரிகிறதா? யாரைக் கேட்பது?

உள்ளே பெரியவள், சுண்டுவிரல் நகம் அளவு குழிகள் உள்ள பிளாஸ்டிக் பட்டையில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு குழியில் எதிர்ப்பு சக்தி இருப்பது முன்பே தெரிந்த ரத்தம், சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. அடுத்ததில் சின்னவளின் புது ரத்தம். அதற்கு அடுத்ததில் பழையது. எதிர்ப்பு சக்தி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் ஊற்றிய தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். எத்தனையோ பேருடைய குழிகளைப் பார்த்த கண்கள்தான். இன்று கடைசிச் சொட்டை மட்டும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் விட்டாள்.

முதல் குழி பளிச்சென்று மஞ்சளானது. இரண்டாவது, வெளிறிய மஞ்சள்.

மூன்றாவது குழி அப்படியே இருந்தது.

பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மெஷினில் வைத்து எண்ணையும் பார்த்தாள். கண் சொன்னதையே மெஷினும் சொன்னது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"உன்னுது இல்லடி" என்றாள் பெரியவள். "உனக்கு அம்மை வந்ததே இல்ல."

"அப்போ இப்ப ஒடம்புல இருக்கறது?"

"யாரோ குடுத்தது."

"அது யாருதா இருந்தா என்ன அக்கா? இருக்குல்ல? அது என் குழந்தைய காப்பாத்தாதா?"

பெரியவள் அவள் தோளைப் பிடித்தாள். "கொஞ்சம் காப்பாத்தலாம். காப்பாத்தாமலும் போகலாம். கரைஞ்சுக்கிட்டே இருக்குடி அது. அதை நம்பி உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது."

அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. இதற்கென்று ஓர் ஊசி இருக்கிறது. நோய் ஒட்டியிருக்கக்கூடிய முதல் நாளிலிருந்து பத்து நாளைக்குள் போட்டால், அம்மை வராமலிருக்கலாம், வந்தாலும் அடக்கமாக வந்து போகும். பிள்ளைக்குக் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது ஒட்டும், அதனால் கணக்கை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். விரல் விட்டு எண்ணினார். நாளையோடு பத்து முடிகிறது.

"இப்பவே போட்டுடுங்க டாக்டர்" என்றாள் சின்னவள்.

"இங்க இல்லம்மா. அடிக்கடி தேவைப்படாத ஊசி, நாங்க வாங்கி வைக்கறதில்ல. பெரிய மருந்துக் கிடங்குல இருக்கு, இப்பதான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். ஆனா அங்கேருந்து வண்டி நாளான்னிக்குத்தான் வருது."

இருவரும் நடைபாதைக்கு வந்தார்கள். பெரியவள் ஃபோனை எடுத்தாள், யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் நடைபாதையின் கோடியிலிருந்து வாயில் துணியோடு மாமனார் வந்துகொண்டிருந்தார். மூத்த மகன் வேலையிலிருந்து திரும்பியதும் பேத்தியை அவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார்.

"ஸ்கேன் தேதிய மாத்த இம்புட்டு நேரமா? ஃபோனையும் எடுக்கல. என்னம்மா நடக்குது?"

பெரியவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மாமா. காலையில மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு. அதான் இன்னொரு தடவை..."

சின்னவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அக்கா தனக்காகப் பொய் சொல்கிறாள். தனக்காகத் தான் சொன்ன பொய் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறதோ, அதே இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

"இல்ல மாமா. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"என்னம்மா சொல்ற?"

"போன மாசம் நான் பட்டறையில மயங்கி விழுந்தேன். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. உங்ககிட்ட மறைச்சேன். அவர்கிட்டயும் சொல்லல. அக்கா கேட்டப்பவும் இல்லன்னுட்டேன். அதான் டெஸ்ட் தப்பாச்சு. எனக்கு எதிர்ப்பு சக்தி எதுவும் கிடையாது மாமா."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.

மாமனார் துணியைக் கீழே இறக்கினார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, பயமா என்று பெரியவளால் சொல்ல முடியவில்லை. பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய முகம்தான்.

"மேலயா, கீழயா?"

"என்ன மாமா?"

"மயங்கினது. கூண்டுலயா, தரையிலயா?"

"தரையில மாமா. இறங்கி, கால வச்ச உடனே."

"மயக்கம் ரெண்டு நிமிஷம் முந்தி வந்திருந்தா கீழ நிக்கறவங்க தலையில இரும்பு. மேலேருந்து நீயும் விழுந்திருப்ப." அவர் குரல் உடைந்தது. "யோசிச்சியா நீ?"

"தெனமும் யோசிக்கறேன் மாமா. யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்லப் பயந்தேன்." சின்னவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இப்போ அதைவிடப் பயமா இருக்கு. குழந்தைய நெனச்சா பயமா இருக்கு மாமா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கோபத்தை நான் அப்புறம் படறேன். நிறைய இருக்கு, எங்கயும் போயிடாது. மருந்து எதுவும் இருக்கா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"ஊசி இருக்கு மாமா" என்றாள் பெரியவள். "ஆனா இங்க இல்ல. பெரிய கிடங்குல இருக்கு. நாளைக்குள்ள போட்டாகணும், வண்டி நாளான்னிக்குத்தான்."

"கிடங்கு எத்தனை மணிக்கு மூடுவான்?"

"ஆறுக்கு."

மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"நாளைக்கு?"

"நாளைக்கு லீவு மாமா."

மாமனார் துணியை மறுபடி வாயில் ஏற்றிக் கட்டினார். "டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கு. ஐஸ் பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வாசலுக்கு வா" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடிக்க மாடிப்படியில் இறங்கி ஓடினார்.